அரச நிறுவனங்களை இணைக்கும் சட்டமூலம்: பின்பக்கங்களில் என்ன இருக்கிறது?

இலங்கையில் அமைச்சரவை முடிவுகளை அறிவிக்கும் வாராந்த ஊடகச் சந்திப்பு முடிந்ததும் அவ்வப்போது இப்படி ஒரு செய்தி வரும்: ஒரே மாதிரி வேலை செய்யும் இரண்டு மூன்று அரச நிறுவனங்களை ஒன்றாக்க அங்கீகாரம் கிடைத்துள்ளது. அன்று மாலையே கேள்விகள் தொடங்கிவிடும். அங்கே வேலை செய்பவர் தன் ஓய்வூதியம் என்னவாகும் என்று கேட்கிறார். அனுமதிப்பத்திரம் எடுத்தவர் அது இனிச் செல்லுமா என்று கேட்கிறார். வழக்குப் போட்டவருக்கோ, எதிராளியே இல்லாமல் போனால் வழக்கு யார் மீது நடக்கும் என்ற குழப்பம்.

இவற்றுக்கான விடை அமைச்சரவை அறிக்கையில் இருக்காது. அது பின்னர் வரும் சட்டமூலத்தில், அதுவும் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அந்தப் பக்கங்களை எப்படிப் படிப்பது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில்: எது எப்படிப் பிறந்தது?

"அரச நிறுவனம்" என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவை எல்லாம் ஒன்றல்ல. ஒரு நிறுவனம் எந்த வழியாகப் பிறந்ததோ, ஏறக்குறைய அதே வழியாகத்தான் அதைக் கலைக்கவோ இன்னொன்றோடு சேர்க்கவோ முடியும்.

1. திணைக்களம். இது அமைச்சின் கீழ் இயங்கும் அரசின் ஓர் உறுப்பு. தனக்கென்று சட்ட ஆளுமை, அதாவது தன் பெயரிலேயே வழக்காடவும் சொத்து வைத்திருக்கவும் உள்ள தகுதி, கிடையாது. ஜனாதிபதி அமைச்சுகளுக்கு விடயங்களை ஒதுக்கும் வர்த்தமானி மூலம் இதை ஓர் அமைச்சிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். ஆனால் சில திணைக்களங்களின் அதிகாரம் தனிச் சட்டங்களிலிருந்து வருகிறது. சுங்கத்துக்கு 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மதுவரிக்கு 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உள்நாட்டு இறைவரிக்கு 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம். இம்மூன்றையும் ஒரே வருமான அதிகாரசபையாக்கும் யோசனை இருபது வருடங்களுக்கு மேலாகப் பேசப்படுகிறது. அது ஒரு சுற்றறிக்கையால் முடியாத காரியம் என்பதற்குக் காரணம் இதுதான்.

2. நியதிச் சபை. அதிகாரசபை, சபை, ஆணைக்குழு என்று பல பெயர்களில் வரும். பாராளுமன்றம் தனிச் சட்டத்தால் உருவாக்கியது. வழக்குத் தொடரலாம், வழக்குக்கு ஆளாகலாம், சொத்து வைத்திருக்கலாம். இதை இணைக்க இன்னொரு சட்டம் வேண்டும்.

3. கூட்டுத்தாபனம். இதில் இரண்டு வகை உண்டு. சில தனிச் சட்டத்தால் பிறந்தவை. வேறு சில, 1957ஆம் ஆண்டின் 49ஆம் இலக்க அரச கைத்தொழில் கூட்டுத்தாபனங்கள் சட்டம் போன்ற ஒரு பொதுச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் கட்டளையால் பிறந்தவை. பெயர்ப்பலகையைப் பார்த்து எது எந்த வகை என்று சொல்ல முடியாது.

4. அரசுக்குச் சொந்தமான கம்பனி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவானது. இரண்டு கம்பனிகளை அந்தச் சட்டத்தின் நடைமுறையிலேயே ஒன்றாக்கலாம். பாராளுமன்ற விவாதம் தேவைப்படாமலேயே முடிந்துவிடலாம்.

ஆகவே "இணைப்பு" என்ற செய்தியைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இணைக்கப்படுபவை இந்த நான்கில் எவை? இரண்டு நியதிச் சபைகள் ஒன்றாவது ஒரு கதை. ஒரு திணைக்களமும் ஒரு கூட்டுத்தாபனமும் ஒன்றாவது முற்றிலும் வேறு கதை. அங்கேதான் ஊழியர் பிரச்சினை கடுமையாக வெடிக்கும்.

குறுக்கு வழியில் செய்த இணைப்பு

சட்டம் வகுத்த வழியை விட்டுவிட்டு இணைத்தால் என்னவாகும் என்பதற்குத் தமிழ் வாசகர்கள் தேடிப் போக வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, அருகருகே உள்ள மாகாணங்களை இணைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. வடக்கையும் கிழக்கையும் பொறுத்தவரை ஆயுதக் களைவு உள்ளிட்ட நிபந்தனைகளையும் வைத்தது. அந்த நிபந்தனைகள் நிறைவேறாத நிலையில், அவசரகால ஒழுங்குவிதியால் அப்பிரிவையே மாற்றிவிட்டு, 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன இரு மாகாணங்களையும் இணைத்தார். பதினெட்டு வருடங்கள் கழித்து, 2006 ஒக்டோபர் 16 அன்று, அந்த இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி முதல் இரண்டும் தனித்தனி.

அரசியலில் அந்த இணைப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பாராளுமன்றம் விதித்த நிபந்தனையைப் பாராளுமன்றத்தின் வழியாகவே தளர்த்தியிருந்தால், அந்த அடிப்படையில் அதை உடைத்திருக்க முடியாது. மக்களுக்கு வேண்டிய ஒன்றைப் பலவீனமான கருவியால் செய்து கொடுத்தால், அதைப் பறிப்பதும் சுலபமாகிவிடுகிறது.

அமைச்சரவையிலிருந்து சட்டம் வரை

பாதை நீளமானது. அமைச்சரவை கொள்கையளவில் இணங்கும். சட்ட வரைஞர் வரைவு எழுதுவார். அரசியலமைப்போடு முரண்படுகிறதா என்று சட்டமா அதிபர் பார்ப்பார். பின்பு வர்த்தமானியில் வரும். அப்புறம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் நிகழ்ச்சி நிரலில், சேர்க்கப்படும்.

இந்த இடத்தில் நிற்க வேண்டும். ஒழுங்குப் பத்திரத்தில் வந்த நாளிலிருந்து ஒரு குறுகிய காலத்துக்குள், எந்தப் பிரஜையும் அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கதவு மூடிய பிறகு வேறு கதவு இல்லை. சட்டமூலம் நிறைவேறியது என்று சபாநாயகர் சான்றுரை இட்டுவிட்டால், 80(3) உறுப்புரையின்படி அந்தச் சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. இந்தியாவில் ஒரு சட்டம் வந்து பல வருடங்கள் ஆன பிறகும் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்வதைச் செய்திகளில் பார்க்கிறோம். இங்கே அது நடக்காது. இருக்கும் நேரம் சட்டமூலமாக இருக்கும்போது மட்டும்தான்.

இன்னொரு ஆபத்தான கட்டம் குழுநிலை. இரண்டாம் வாசிப்புக்குப் பின் சட்டமூலத்தில் திருத்தங்கள் சேர்க்கப்படும் நேரம் அது. அப்போது சேரும் புதிய வரிகளை நீதிமன்றம் முன்கூட்டிப் பார்த்திருக்காது. 2017இல் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் பெண் வேட்பாளர் விகிதத்துக்காகக் கொண்டுவரப்பட்டது. குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றும் பாரிய திருத்தங்கள் அதற்குள் வந்து சேர்ந்தன. மாகாண சபைத் தேர்தல் இன்றுவரை முடங்கிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நிறுவன இணைப்புச் சட்டமூலத்திலும் ஊழியர் பற்றிய ஒரு வரி கடைசி நேரத்தில் மாறலாம். அதனால் வர்த்தமானிப் பிரதியை மட்டும் படித்துவிட்டு இருந்துவிடக் கூடாது.

தெளிவாகச் செய்த ஒன்று: கொழும்புத் துறைமுகம், 1979

1979க்கு முன் கொழும்புத் துறைமுகத்தில் மூன்று அமைப்புகள் இருந்தன. துறைமுகத்தைப் பராமரிக்கத் துறைமுக ஆணைக்குழு, அது ஒரு திணைக்களம். சரக்கை ஏற்றி இறக்க 1958இல் வந்த துறைமுக சரக்குக் கூட்டுத்தாபனம். சரக்கை எண்ணிக் கணக்கெடுக்கவும் காவல் காக்கவும் மூன்றாவதாக இன்னொரு கூட்டுத்தாபனம். ஒரு கப்பல் வந்தால் மூன்று நிர்வாகங்களோடு மாரடிக்க வேண்டும். ஒரு பெட்டி காணாமல் போனால் இறக்கியவரா, எண்ணியவரா, காத்தவரா பொறுப்பு என்று அலைய வேண்டும்.

1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் இம்மூன்றையும் சேர்த்து, அந்த வருடம் ஓகஸ்ட் 1 முதல் இலங்கைத் துறைமுக அதிகாரசபையை உருவாக்கியது. சரக்கு கொள்கலனுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கொள்கலனைத் திறக்காமலே இன்னொரு கப்பலுக்கு மாற்றும் தொழிலுக்கு ஒரே நிர்வாகம் அவசியமாக இருந்தது. இணைப்புக்கு உண்மையான தொழில் காரணம் இருந்தது என்பதால் இதை நல்ல உதாரணமாகச் சொல்கிறேன்.

ஆனால் அதே சட்டம் விதைத்த ஒரு சிக்கல் இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1999இல் தென்னாசிய நுழைவாயில் முனையமும், 2013இல் சீன முதலீட்டிலான கொழும்பு சர்வதேச கொள்கலன் முனையமும் தொழிலுக்கு வந்தன. இப்போது அதிகாரசபை தானும் முனையம் நடத்துகிறது. போட்டியாளர்களுக்கு இடத்தைக் குத்தகைக்கு விட்டவரும் அதுவே. எல்லா அதிகாரங்களையும் ஒரே கையில் கொடுக்கும்போது, தொழிலைச் செய்பவரும் அதை மேற்பார்ப்பவரும் ஒருவராகிவிடும் நிலை பிறகு வரக்கூடும். எந்த இணைப்புச் சட்டமூலத்திலும் "அதிகாரங்களும் பணிகளும்" என்ற பிரிவைப் படிக்கும்போது இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்.

மாகாணத்தின் அதிகாரத்தைத் தொட்ட ஒன்று: திவிநெகும, 2012

2012இல் வந்த திவிநெகும சட்டமூலம் மூன்று அமைப்புகளை ஒரே திணைக்களமாக்கியது: சமுர்த்தி அதிகாரசபை, தென் அபிவிருத்தி அதிகாரசபை, உடரட்ட அபிவிருத்தி அதிகாரசபை. வெளியில் பார்த்தால் நிர்வாகச் சீரமைப்பு. உள்ளே பார்த்தால், கிராம மட்ட அபிவிருத்தி போன்ற, மாகாண சபை நிரலில் (மாகாண சபைகளின் அதிகாரத்துக்குள் வரும் விடயங்களின் பட்டியலில்) உள்ள விடயங்கள் கொழும்பிலுள்ள ஒரு திணைக்களத்தின் கைக்குப் போயின.

அரசியலமைப்பின் 154எ(3) உறுப்புரை இப்படிச் சொல்கிறது: மாகாண சபை நிரலிலுள்ள விடயம் பற்றிய சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பி அபிப்பிராயம் கேட்க வேண்டும். ஒரு சபையேனும் இணங்காவிட்டால், நாடு முழுவதற்குமாக அதை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க தலைமையிலான அமர்வு, இந்தச் சட்டமூலமும் மாகாண சபைகளுக்குப் போக வேண்டும் என்று முடிவு சொன்னது.

அப்போது வடக்கில் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநர் வடக்கின் சார்பில் இணக்கம் தெரிவித்தார். அதுவும் நீதிமன்றத்துக்குப் போனது. மக்கள் தெரிவுசெய்த சபையின் இடத்தில் நின்று ஆளுநர் சம்மதம் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் கூறியது. கடைசியில் 2013 ஜனவரியில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடுதான் அது 2013ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமானது. அதே மாதம் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப் பிரேரணை மூலம் பதவி நீக்கப்பட்டார்.

இந்தக் கதையை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலும், வடக்கின் காலம் 2018இலும் முடிந்துவிட்டன. அன்று ஒரு மாகாணத்தில் இருந்த வெற்றிடம் பின்னர் ஒன்பது மாகாணங்களுக்கும் பரவியது. விவசாயம், கூட்டுறவு, சமூக சேவை போன்ற துறைகளில் மத்திய நிறுவனங்களை இணைத்து, அவற்றுக்குப் புதிய பணிகளைக் கொடுக்கும் எந்தச் சட்டமூலமும் மாகாண நிரலைத் தொடக்கூடும். கேட்பதற்குச் சபை இல்லாத காலத்தில், அதைக் கவனிக்கும் பொறுப்பு வாசகர்களிடமும் வழக்காடக்கூடியவர்களிடமும்தான் வந்து சேர்கிறது.

டிப்போவை விட்டு நகராமல் நான்கு எசமானர்கள்

பஸ் சேவையைப் பாருங்கள். 1957ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தால் தனியார் பஸ் கம்பனிகள் அரசமயமாகி, 1958 ஜனவரி 1இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியது. 1978இல் அது பிராந்தியச் சபைகளாகப் பிரிந்தது. 1990களில் டிப்போ அளவில் கம்பனிகள் வந்தன. பின்பு அவை சேர்ந்து பெரிய பிராந்தியக் கம்பனிகளாயின. 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் எல்லாவற்றையும் மீண்டும் ஒரே சபையாக்கியது.

1985இல் கொழும்புப் பக்கத்து டிப்போ ஒன்றில் சாரதியாகச் சேர்ந்து, 2010களில் ஓய்வுபெற்ற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் இடம் மாறவில்லை, வழித்தடம்கூட மாறாமல் இருந்திருக்கலாம். ஆனால் சட்டப்படி அவருக்கு நான்கு தொழில்தருநர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் அவருடைய சேவைக் கோப்பு, சேமலாப நிதிப் பங்களிப்பு, லீவு, கடன் எல்லாம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக வேண்டும். எங்காவது ஒரு கை தவறவிட்டால், அதை நிரூபிக்கும் சுமை அவர் தலையில்.

ஊழியருக்கு: ஒரு சொல்லின் விலை

திணைக்கள ஊழியருக்கு அரச ஓய்வூதியம். சபை, கூட்டுத்தாபன ஊழியருக்குப் பெரும்பாலும் ஊழியர் சேமலாப நிதி. அதில் ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம். அத்தோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம். வேலையை விட்டுப் போகும்போது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பணிக்கொடை: ஐந்து வருடமாவது வேலை செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசி மாதச் சம்பளத்தில் பாதி.

இதில் "தொடர்ச்சியான சேவை" என்ற சொல் எவ்வளவு பெறுமதி என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒருவர் பழைய நிறுவனத்தில் 15 வருடம் வேலை செய்கிறார், அப்போது கடைசிச் சம்பளம் 40,000 ரூபா. இணைப்புக்குப் பின் புதிய நிறுவனத்தில் 10 வருடம், கடைசிச் சம்பளம் 80,000 ரூபா.

1. சேவை தொடர்ச்சியானது என்று சட்டம் சொன்னால்: 25 வருடம் × 40,000 (80,000இல் பாதி) = 10 இலட்சம்.

2. பழைய நிறுவனம் கணக்கை முடித்து, புதியது பூச்சியத்திலிருந்து தொடங்கினால்: 15 × 20,000 = 3 இலட்சம்; 10 × 40,000 = 4 இலட்சம். மொத்தம் 7 இலட்சம்.

ஒரே ஆள், ஒரே உழைப்பு, 3 இலட்சம் வித்தியாசம். அதைத் தீர்மானிப்பது சட்டமூலத்தின் ஒரு வாக்கியம். "முன்பு அனுபவித்தவற்றுக்குக் குறையாத நியதிகளில்" என்ற சொற்றொடர் இருந்தால் சம்பளமும் தரமும் ஓரளவு பாதுகாப்பு. சேவைக் காலம் தொடரும் என்பதும் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சேர விரும்பாதவருக்கு நட்டஈடு உண்டா, முடிவெடுக்க எத்தனை நாள் என்பதும் அங்கேதான் இருக்கும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதன் 2025 திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வந்தபோது, அங்குள்ள ஊழியர்கள் கேட்டதும் இதே கேள்விகள்தான். பிரிப்பதானாலும் சேர்ப்பதானாலும் ஊழியரின் கணக்கு ஒன்றுதான்.

பணம் மிச்சமாகுமா?

உடனடியாக மிச்சமாகும் என்று நம்புவது கடினம். செலவில் பெரும் பங்கு சம்பளம். ஊழியரை அப்படியே எடுத்துக்கொண்டால் அது குறையாது. இரண்டு சம்பளத் திட்டங்களை ஒன்றாக்கும்போது குறைந்ததை உயர்த்துவார்களே தவிர உயர்ந்ததைக் குறைக்க மாட்டார்கள். மிச்சம் வருவது பணிப்பாளர் சபை, வாகனம், வாடகைக் கட்டடம், கொள்வனவு இவற்றில். அதுவும் மெதுவாக. இணைப்பின் உண்மையான பயனை, பொதுமகன் ஒரு வேலைக்கு எத்தனை கருமபீடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதில்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

சட்டமூலம் கைக்கு வந்தால்

வர்த்தமானியையும் சட்டமூலங்களையும் அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கலாம். முன்பகுதியில் நோக்கங்கள் அழகாக எழுதப்பட்டிருக்கும். நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய் இவற்றைத் தேடுங்கள்:

1. எந்தச் சட்டம் நீக்கப்படுகிறது? முழுவதுமா, சில பிரிவுகளா? பழைய சட்டத்தின் கீழ் செய்யப்பட்ட ஒழுங்குவிதிகளும் வழங்கிய அனுமதிப்பத்திரங்களும் தொடரும் என்று எழுதியிருக்கிறதா? சட்டங்களை எப்படி விளங்கிக்கொள்வது என்று சொல்லும் பொருள்கோடல் கட்டளைச் சட்டம் பழைய உரிமைகளுக்குப் பொதுப் பாதுகாப்புத் தருகிறது. என்றாலும் வெளிப்படையான வரி இருந்தால்தான் கருமபீட அலுவலரோடு வாதாட வேண்டிய தேவை வராது.

2. சொத்து மட்டுமா, கடனும் பொறுப்பும் சேர்த்து மாறுகின்றனவா? நிலுவையிலுள்ள வழக்குகளில் புதிய நிறுவனம் பழையதன் இடத்தில் நிற்குமா? வழக்குப் போட்டவரின் கேள்விக்கு விடை இந்த ஒரே வரியில் இருக்கும்.

3. எப்போது நடைமுறைக்கு வருகிறது? சான்றுரை இட்ட நாளிலா, அல்லது அமைச்சர் வர்த்தமானியில் நியமிக்கும் திகதியிலா? இரண்டாவது என்றால், சட்டம் நிறைவேறிய பிறகும் பழைய நிறுவனமே நீண்ட நாள் இயங்கலாம். அதுவரை பணத்தையும் விண்ணப்பத்தையும் பழைய இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

4. பிராந்திய அலுவலகங்கள் பற்றி ஏதாவது இருக்கிறதா? இரண்டு நிறுவனங்களுக்கும் மாவட்டத்தில் ஆளுக்கொரு கிளை இருந்து, இணைப்புக்குப் பின் ஒன்றுதான் மிஞ்சினால், அதில் தமிழில் வேலை செய்யக்கூடிய அலுவலர் மிஞ்சுவாரா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். குழுநிலைக்கு முன் துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கு எழுத்தில் அனுப்பக்கூடிய கேள்வி இது.

5. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு குட்டிப் பிரிவு இருக்கும்: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும். ஆகவே தமிழ்ப் பிரதியில் "ஊழியர்கள் மாற்றப்படுதல் வேண்டும்" என்று இருந்து, சிங்களத்தில் "மாற்றப்படலாம்" என்ற பொருள் வந்தால், நீதிமன்றத்தில் எடுபடுவது இரண்டாவதுதான். ஊழியர், சொத்து, திகதி ஆகிய மூன்று பிரிவுகளையாவது இரண்டு மொழிகளும் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கான நாட்கள் முடியும் முன் பாருங்கள்.